புத்தகம் பிடித்து நிற்கும் வியாசர்

நியூயார்க்கில் 2011 முதல் 2025 வரை 'ஸ்லீப் நோ மோர்' என்றொரு நாடகம் ஓடியது. நாற்காலி கிடையாது. முகமூடி மாட்டிக்கொண்டு அறை அறையாக நடந்து பார்க்க வேண்டும். பெரிய புதுமை என்று எழுதித் தள்ளினார்கள். காசிக்கு எதிர்க்கரையில் இருக்கும் ராம்நகர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

ராம்நகர் ராமலீலா, காசி ராஜாக்களின் ஆதரவில் 19-ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. துளசிதாசரின் ராமசரிதமானஸைப் பாடப் பாட, சுமார் 31 நாள் நடக்கும். ஊரே மேடை. ஓரிடம் அயோத்தி, ஓரிடம் ஜனக்பூர், தள்ளி ஒரு பெரிய மைதானம் இலங்கை. ராமன் காட்டுக்குக் கிளம்பினால் கூட்டமும் பின்னாலேயே நடக்கும். அப்போது பார்வையாளர் யார், அயோத்தி ஜனங்கள் யார்? (நம்மூர் திரௌபதி அம்மன் கோயில் படுகளம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.)

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆயிரக்கணக்கான ஜனம். மைக் இல்லை, மின்விளக்கு இல்லை, பெட்ரோமாக்ஸும் தீவட்டியும்தான். எப்படி நடத்துகிறார்கள்?

ராமாயணிகள் என்ற பாடகர் குழு உட்கார்ந்து சௌபாயி பாடும். பாட்டு நின்றதும் வியாசர், "சுப் ரஹோ! சாவதான்!" என்று ஓர் அதட்டல் போடுவார். பேசாதே, கவனி என்று அர்த்தம். கூட்டம் அடங்கும். பாத்திரம் வசனம் சொல்லும். மறுபடி பாட்டு. இவ்வளவுதான் சூட்சுமம்! ராமன், சீதை, தம்பிமார் வேடங்களில் குரல் உடையாத சிறுவர்கள். வியாசர் வசனப் புத்தகத்தோடு அவர்கள் பக்கத்திலேயே நின்று அடியெடுத்துக் கொடுப்பார். திரைக்குப் பின்னால் ஒளிவதில்லை. யாருக்கும் அது உறுத்துவதும் இல்லை.

மைக் வைத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். வைத்தால் தூரத்தில் நின்றபடி அரட்டை அடித்துக்கொண்டே கேட்கலாம். இப்போதோ கிட்டே வந்து, தானாக வாயை மூடினால்தான் சீதையின் குரல் காதில் விழும். அந்த மௌனம் கூட்டம் செய்கிற வேலை. ஊரும் வாகன இரைச்சலும் பெருகிவிட்ட இந்நாளில் அதைக் காப்பதுதான் பெரும்பாடு. யுனெஸ்கோ 2008-ல் ராமலீலா மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பட்டியல் வந்து ஹாரனை நிறுத்தாதே!

ராஜாவுக்கும் இதில் பங்கு உண்டு. யானை மேல் வருவார். அந்தியில் அவர் சந்தியா பூஜைக்குப் போனால் லீலை நிற்கும், திரும்பினால் தொடரும். விஜயதசமியன்று ராவணன் சாவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். ஒரு ராஜா இன்னொரு ராஜாவின் சாவைப் பார்க்கக் கூடாதாம். சமஸ்தானம் 1949-ல் உத்தரப் பிரதேசத்தோடு இணைந்தது, மன்னர் மானியம் 1971-ல் ஒழிந்தது. ராஜ்யம் போயும் யானை வருகிறது. பேங்க்காரன் புத்திக்குச் செலவுக் கணக்குதான் முதலில் தோன்றுகிறது, என்ன செய்ய!

நம் ஆட்கள் காசிக்கு வந்தால் அனுமன் காட், விசுவநாதர், அன்னபூரணி என்று முடித்துக்கொண்டு ரயிலேறிவிடுகிறார்கள். புரட்டாசியில் வந்தால் ஒரு மாலை ஆற்றைத் தாண்டுங்கள். பட்டாபிஷேக இரவு அமைந்தால் தூங்காமல் இருங்கள். ஆரத்தி மறுநாள் விடியலில்தான்.