சரந்தீபில் பதினெட்டு ஆண்டுகள்

அறபு மொழியில் 'குர்பத்' என்றொரு சொல் உண்டு. மேற்குத் திசையைக் குறிக்கும் வேரிலிருந்து கிளைத்த சொல் அது. ஞாயிறு மறைவது போன்று, தன் ஊராரின் கண்ணினின்றும் மறைந்து அயல் மண்ணில் வாழும் நிலையை அது உணர்த்தும். நம் கடற்கரையூர்களில் வழங்கும் 'சபராளி' என்னும் சொல்லுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சபராளி என்றேனும் திரும்பி வருவான் என்று வீட்டார் வழி பார்த்திருப்பர். குர்பத்தில் வாழ்பவனுக்கோ அத்தகைய உறுதி ஏதும் இல்லை.

1883 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கிய ஏழு எகிப்தியர் இந்நிலையிலேதான் இருந்தனர். அவர்களின் தலைவர் அஹ்மத் உராபி பாஷா. இலங்கை முஸ்லிம்கள் ஒராபி பாஷா என்று இன்றும் அன்புடன் குறிப்பிடுவது அன்னாரையே. எகிப்து எகிப்தியருக்கே என்று முழங்கி, கெதீவின் ஆட்சியையும் ஐரோப்பியரின் தலையீட்டையும் எதிர்த்து நின்றவர். 1882 செப்டம்பர் 13 அன்று தெல்லுல் கபீர் போரில் ஆங்கிலேயரிடம் தோற்றார். டிசம்பரில் விதிக்கப்பட்ட மரண தண்டனை, ஆயுள் முழுவதும் நாடு கடத்தலாக மாற்றப்பட்டது. பதவியும் பட்டமும் பறிக்கப்பட்டன, உடைமைகளும் போயின. அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ நாற்பத்திரண்டு.

அவ்வயதில் எவரும் ஓய்வை விரும்பார். படை நடத்தியவர்கள், அமைச்சர்களாக வீற்றிருந்தவர்கள், ஒரே நாளில் உதவித் தொகை பெற்று உண்டு உறங்கும் முதியோர் போலாக்கப்பட்டனர். தீவை விட்டு நீங்குவதில்லை என வாக்களித்திருந்தமையால் அவர்களுக்குச் சிறை இல்லை. தங்க வீடு இருந்தது. மனைவி மக்களையும் உடன் வைத்துக்கொள்ளலாம். எகிப்திய அரசு திங்கள்தோறும் பணம் அனுப்பியது. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இது தண்டனையாகவே தோன்றாது. ஆதம் நபி சுவனத்தினின்றும் இறங்கிய இடம் சரந்தீப் என்று அறபு நூல்கள் புகழும் தீவல்லவா! ஆனால் ஆதம் நபிக்கும் அது வெளியேற்றப்பட்டோர் வந்திறங்கிய இடமே என்பதை நாம் மறக்கலாகாது.

முதலில் அவர்களை வாட்டியது பருவநிலை. நைல் நதிக் கரையின் உலர்ந்த காற்றில் வளர்ந்த உடல்கள் அவை. கொழும்பிலோ காற்றே ஈரம். இரவிலும் புழுக்கம் தணியாது. ஆண்டில் இரு முறை பருவமழை கொட்டும். நமக்குப் பழகிப்போன இவ்வீரம் அவர்களுக்கு நோயாகவே பட்டது. இக்காற்று தங்களுக்கு ஒவ்வாதென்று முறையிட்டுப் பலமுறை மனுச் செய்தனர். அம்மனுக்கள் அவர்களுக்கு விடுதலை தேடித் தரவில்லை.

அடுத்தது மொழி. தீவின் முஸ்லிம்களுக்குத் தமிழே தாய்மொழி. வந்தவர்களுக்கு அறபும் துருக்கியும். எனினும் ஓதப்படும் குர்ஆன் ஒன்று, தொழுகை ஒன்று. அறபு கற்ற ஆலிம்கள் இருசாராருக்கும் இடையே பாலமாயினர். வந்தவர்கள் ஆங்கிலமும் பயிலத் தொடங்கினர்.

ஓய்வின் கொடுமை வேறோர் உருவத்திலும் வந்தது. செய்வதற்கு வேலையில்லாதவர்கள் ஒருவரையொருவர் குறை காண்பது மனித இயல்பு. ஒன்றாய்ப் போரிட்ட தோழர்களிடையே பிணக்குகள் முளைத்தன. போரில் தோற்றதற்கு யார் பொறுப்பு என்னும் கேள்வியும் அவர்களுடன் கப்பலேறி வந்திருத்தல் வேண்டும். இது நம் ஊகமே.

அவர்களுள் மஹ்மூத் ஸாமி அல்-பாரூதியின் நிலை தனியானது. 1882-இல் சிறிது காலம் எகிப்தின் பிரதம அமைச்சராய் இருந்தவர். அதனினும் மேலாக, அறபுக் கவிதையை அதன் பழைய வலிமைக்கு மீட்டவர் என்று இலக்கிய வரலாறு போற்றும் பெருங்கவிஞர். ஏழாண்டு கொழும்பிலும் பின்னர் கண்டியிலும் வாழ்ந்தார். தீவுக்கு வந்த சில மாதங்களிலேயே எகிப்தில் விட்டு வந்த மனைவி இறந்துபட்ட செய்தி எட்டியது. அவ்வம்மையாருக்கு அவர் பாடிய கையறுநிலைப் பாடலை அறபு பயிலும் மாணவர்கள் இன்றும் உருகிப் படிக்கின்றனர். பின்பு தோழர் யஃகூப் ஸாமியின் மகளை அங்கேயே மணந்தார். கண்ணொளி மங்கலாயிற்று. சரந்தீப் என்னும் பெயரை அறபுக் கவிதையில் ஏக்கத்தின் பெயராக்கியவர் அவரே. அவர் அத்தீவுடன் ஒன்றினார் என்று கூறுவதற்கில்லை. ஆயின் ஒன்றாமையிலிருந்தே அவர் கவிதை பிறந்தது. மற்றொருவரான மஹ்மூத் ஃபஹ்மி, பொறியியல் அறிந்தவர். உலக வரலாறு ஒன்றை எழுதினார்.

உராபி பாஷா வேறு வழியில் சென்றார். அவர் வருமுன் சில வாரங்களே கழிந்திருந்தன, கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் மு. கா. சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கி. முஸ்லிம் பிள்ளைகள் நவீனக் கல்வி பெறாமல் பின்தங்கி நிற்பதைக் கண்டு இரவும் பகலும் வருந்தியவர் அவர். ஆங்கிலம் கற்றால் பிள்ளைகள் கிறிஸ்தவராகி விடுவர் என்னும் அச்சம் பெற்றோரை ஆட்கொண்டிருந்த காலம் அது. பாதிரிமாரின் பள்ளிகள் அவ்வச்சத்துக்கு இடமும் கொடுத்திருந்தன.

இவ்விடத்தில் சிறிது நின்று நோக்குவோம். சித்திலெப்பை ஆங்கிலம் கற்பீர் என்றால், வெள்ளையரிடம் மயங்கியவர் என்று எவரும் ஏசலாம். ஆங்கிலேயருடன் பொருது, நாடிழந்து, வீடிழந்து வந்த உராபி பாஷாவை அங்ஙனம் ஏச எவர் துணிவர்? அஸ்ஹரில் ஓதியவர், அறபைத் தாய்மொழியாகக் கொண்டவர், அவரே நவீனக் கல்வி வேண்டுமென்றார். அவரது தோல்வியே அவர் சொல்லுக்கு நம்பகத்தை ஈந்தது என்பது நம் துணிபு. கொழும்புப் புதுக்கடையில் 1884-இல் தொடங்கிய முதல் முயற்சி நிலைக்கவில்லை. 1892 ஆகஸ்டில் மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி 'அல்-மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா' எழுந்தது. சித்திலெப்பையுடனும், கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரைக்காருடனும் உராபி பாஷா அதற்கு முன்னின்றார். பிற்காலத்தில் ஸாஹிராக் கல்லூரியாகத் தழைத்தது அதுவே.

எகிப்தியர் அணிந்த சிவப்புத் துருக்கித் தொப்பியும் சோனகரிடையே பரவியது. பட்டத்தை அரசு பறித்தபோதிலும் மக்கள் 'பாஷா' என்றே அழைத்தனர். பின்னர் 1905-இல், அத்தொப்பியுடன் வாதாட வந்த வழக்கறிஞர் அப்துல் காதரை உயர்நீதிமன்றம் தடுத்தபொழுது, மருதானைப் பள்ளிவாசலில் முஸ்லிம்கள் திரண்டு கூடிக் கிளர்ச்சி செய்து அவ்வுரிமையைப் பெற்றனர். அயலாரின் உடை அத்தனை விரைவில் சொந்த மானமாகிவிட்டது!

இவ்வளவும் கண்டு, பாஷாவுக்குத் தீவு சொந்த ஊராயிற்று என்று எழுதுவோர் உளர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. பள்ளி திறந்த அதே 1892-இல் அவர் குளிர்ச்சி நாடிக் கண்டிக்குக் குடிபெயர்ந்தார். அங்கிருந்தும் தாயகம் திரும்ப அனுமதி வேண்டிக்கொண்டே இருந்தார். 1891-இல் அப்துல் ஆல் ஹில்மி கொழும்பிலும், 1894-இல் மஹ்மூத் ஃபஹ்மியும் 1900-இல் யஃகூப் ஸாமியும் கண்டியிலும் மறைந்தனர். பாரூதி ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகளின் பின் திரும்பி, 1904-இல் கெய்ரோவில் காலமானார்.

1901 ஏப்ரலில், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் இலங்கைக்கு வருகை தந்தார். அவரிடம் உராபி பாஷா தம் வேண்டுகோளை முன்வைத்தார். மன்னிப்புக் கிடைத்து, அவ்வாண்டிலேயே எகிப்து சேர்ந்தார். அறுபது வயதில் வந்த முதியவரை வரவேற்க நாடு திரண்டு எழவில்லை. அவர் காலத்து மக்கள் மறைந்திருந்தனர். புதிய தலைமுறையோ முஸ்தஃபா காமிலின் பின் நின்றது. ஆங்கில ஆட்சியின் சில சீர்திருத்தங்களைப் பாராட்டி அவர் கூறிய சொற்கள் அவ்விளைஞரைச் சினமூட்டின. கவிஞர் அஹ்மத் ஷவ்கி அவரை எள்ளிக் கவிதை பாடினார். கண்டி வீதியில் எதிர்ப்பட்டோரெல்லாம் ஸலாம் உரைத்து வழிவிட்ட மனிதர், தம் தலைநகரில் குர்பத்தை மீண்டும் கண்டார். 1911 செப்டம்பர் 21 அன்று அங்கேயே உயிர் நீத்தார்.

இலங்கையிலிருந்து அவர் மாங்கன்று கொண்டுவந்தார் என்றும், எகிப்தில் மாம்பழம் பரவியது அவராலேயே என்றும் அந்நாட்டு மக்கள் கூறுவதுண்டு. அவருக்கு முன்பே மா அங்குப் புகுந்துவிட்டது என்பாரும் உளர். கண்டி ஹல்லொலுவை வீதியில் அவர் வாழ்ந்த வீடு 1983-இல் அருங்காட்சியகமாக்கப்பட்டது.