அடுத்த அடிக்கு மட்டும் வெளிச்சம்

2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் யோசேப் வாஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. வட கொழும்புப் பங்குகளிலிருந்து இருட்டோடு புறப்பட்டுப் போனவர்கள் அந்தக் காலையை இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். ஆனால் அப்படியொரு காலை விடியுமா என்று சில வாரங்களுக்கு முன் கலங்கியவர்கள் பலர். திருத்தந்தை பிரான்சிஸ் வருவது முடிவான பிறகுதான், 2014 நவம்பரில், ஜனாதிபதித் தேர்தல் அறிவிக்கப்பட்டது. வாக்களிப்பு ஜனவரி 8. திருத்தந்தையின் வருகை 13. தேர்தல் முடிந்த கையோடு வன்முறை வெடிப்பதைப் பலமுறை கண்ட நாட்டில் இந்த இடைவெளி போதுமா? கடைசியில், அழைப்பு விடுத்த ஜனாதிபதி ஒருவர், கட்டுநாயக்கவில் வரவேற்றவர் இன்னொருவர் என்றாயிற்று. வழிநெடுகத் திரண்ட மக்கள் வெள்ளத்தில் திருத்தந்தை கொழும்பை அடையவே ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்தியது. அன்று பகல் ஆயர்களைச் சந்திப்பதாக இருந்தது நடைபெறவில்லை. பட்டம் பெறவிருந்த அடிகளாரின் வாழ்க்கையும் இப்படித்தான், நினைத்தது ஒன்றும் நடந்தது ஒன்றுமாகவே ஓடியிருந்தது.

கோவாவில் 1651இல் பிறந்த அவருக்கு இளமையிலேயே மனம் முழுவதும் இலங்கை. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை விரட்டிவிட்டார்கள்; பூசையில்லாமல், பாவசங்கீர்த்தனமில்லாமல் ஒரு தலைமுறையே வளர்ந்துகொண்டிருந்தது. என்னை அங்கே அனுப்புங்கள் என்று கேட்டார். மேலதிகாரிகள் 1681இல் அவரை அனுப்பியது கனராவுக்கு. அங்கே திருச்சபை அதிகாரம் யாருக்கு என்று இரு தரப்பார் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இலங்கைக்குப் போகத் துடித்த இளங்குருவுக்குக் கிடைத்தது ஊர்ப்பட்ட வழக்குகளைத் தீர்க்கும் வேலை. தட்டிக்கழிக்காமல் அதைச் செய்தார். அவருடைய சரித்திரத்தை எழுதுவோர் இந்த ஆண்டுகளை ஓரிரு பக்கங்களில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அவை முக்கியமானவையாகப் படுகின்றன. சண்டையிடும் அதிகாரங்களுக்கு நடுவே, எவரையும் பகைக்காமல் ஏழை மக்களுக்குப் பணிசெய்யும் பக்குவம் அங்கேதான் முதிர்ந்திருக்க வேண்டும். பின்னர் ஒல்லாந்தருக்கும் கண்டி மன்னனுக்கும் இடையே அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு வேறு எந்தப் பக்குவம் உதவியிருக்கும்?

1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். வந்ததும் கடும் நோயில் விழுந்தார். எழுந்து நடக்கத் தொடங்கியதும், கழுத்தில் பெரிய செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டதும் எந்த முகம் மாறுகிறதோ அந்த வீடு கத்தோலிக்க வீடு என்று அறிந்துகொண்டார். 1692இல் கண்டிக்குப் போனார். ஒல்லாந்தரின் கை எட்டாத அந்த இராச்சியத்தில் காலூன்றினால் தீவெங்கும் பணிசெய்யலாம் என்பது அவர் எண்ணம். கிடைத்தது விலங்கு. போர்த்துக்கேய ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறையில் அடைத்தார்கள். சிறையில் அவர் சிங்களம் கற்றார்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது மன்னனும் பிரதானிகளும் நகரைவிட்டு அகன்றார்கள். அதற்குள் விடுதலையாகியிருந்த வாஸ் அடிகளாரும் அவருக்குத் துணையாக வந்திருந்த கர்வாலோ அடிகளாரும் தங்கி, கைவிடப்பட்ட நோயாளரைக் கழுவித் துடைத்து, கஞ்சி கொடுத்து, இறந்தவரை அடக்கம் செய்தார்கள். அதன் பிறகு மன்னன் விமலதர்மசூரியன் வாஸ் அடிகளாரை மதிக்காமல் இருக்க வழியில்லை.

இந்த இடத்தில் நாம் அவசரப்படக் கூடாது. அடிகளார் மக்கள் மனத்தில் இடம்பிடிப்பதற்காகவே ஆண்டவர் பெரியம்மையை அனுப்பினார் என்று சொல்லத் தொடங்கினால், அம்மையில் செத்தவர்கள் யாருக்காகச் செத்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். இறைவனின் பராமரிப்பைப் பற்றிப் பேசும்போது பக்தியுள்ளவர்களே அடிக்கடி இடறும் இடம் இது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு, நமக்கு மிக அருகிலுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த மரண வீடுகளில், ஆறுதல் என்று எண்ணிக்கொண்டு, எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று சொன்னவர்கள் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அதைச் சொல்லக் கூடாது. அது ஈரமற்ற சொல் மட்டுமல்ல, திருச்சபையின் போதனையும் அதுவன்று. தீமை நடக்க வேண்டும் என்று இறைவன் விரும்புவதில்லை, நடக்க அனுமதிக்கிறார் என்று புனித தோமா அக்குவினாஸ் பிரித்துக் காட்டுகிறார். கொலைகாரன் செய்தது கொலைகாரன் செய்ததுதான். இறைவனின் ஆளுகை என்பது, அந்த நாசத்துக்குள்ளும் அவர் கைவிட்டுப் போகாமல் நிற்கிறார் என்பது.

அப்படியானால் நம்பிக்கை வைப்பவன் என்ன செய்வான்? களனி கங்கைக் கரையில் வாழும் நமக்கு இது புரியாத விஷயமல்ல. நாகலகம் வீதியிலுள்ள நீர்மட்ட அளவு 5 அடியைத் தொட்டால் சிறு வெள்ளம், 7 அடியானால் பெரு வெள்ளம். 2016 மே மாதம் அது 7 அடியையும் தாண்டியது. அப்படிப்பட்ட இரவில் தோட்டத்து வீடுகளில் யாரும் வெள்ளம் ஏன் வந்தது என்று ஆராய்வதில்லை. பிறப்புச் சான்றிதழ்களும் பிள்ளைகளின் கொப்பிகளும் ஒரு சொப்பிங் பேக்கில் முடிச்சாகி அலுமாரிக்கு மேலே போகும். நடக்க முடியாத பாட்டியைக் கதிரையோடு தூக்குவார்கள். மாடியுள்ள அயல் வீடு, முஸ்லிம் வீடோ சிங்கள வீடோ, கதவைத் திறந்துவிடும். தண்ணீர் எப்போது வடியும் என்று எவருக்கும் தெரியாது; இப்போது எதைத் தூக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2022இல் ரூபாய் சரிந்து, மகளின் கலியாணத்துக்குச் சேர்த்த பணம் கண்முன்னே பெறுமதி இழந்தபோதும் இதே மனிதர்கள் இப்படித்தான் நடந்துகொண்டார்கள். அந்தச் செயலை நான் விசுவாசம் என்றே சொல்வேன்.

காலிமுகத்திடல் திருப்பலிக்கு இரண்டு நாட்களின் பின், ஜனவரி 16ஆம் திகதி, திருத்தந்தை பிரான்சிஸ் மணிலாவில் குடும்பங்களைச் சந்தித்தார். தம் மேசையில் தூங்கும் சூசையப்பரின் சுரூபம் ஒன்று இருப்பதாகவும், சிக்கல் எழுந்தால் அதை ஒரு தாளில் எழுதிச் சுரூபத்தின் கீழே வைத்துவிடுவதாகவும் அன்று சொன்னார். நம் கிராண்ட்பாஸ் ஆலயத்தின் காவலரான சூசையப்பரைப் பற்றி யோசிக்க இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

மத்தேயு நற்செய்தியில் அவருக்குக் கனவில் வரும் கட்டளைகள் மிகக் குறுகியவை. மரியாளை ஏற்றுக்கொள். எகிப்துக்கு ஓடு. திரும்பிப் போ. எகிப்தில் எத்தனை ஆண்டுகள், வயிற்றுப்பாட்டுக்கு என்ன வழி என்றெல்லாம் வானதூதர் விளக்கவில்லை. மீண்டும் சொல்லும்வரை அங்கேயே இரு என்பதோடு பேச்சு முடிந்தது. சூசையப்பர் அன்றிரவே புறப்பட்டார். பெத்லகேமில் மற்றக் குழந்தைகள் வெட்டுண்டார்கள் என்பதையும் அதே நற்செய்தி மறைக்காமல் சொல்கிறது.

நான்காவது கனவை நாம் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை. யூதேயாவுக்குத் திரும்பத்தான் சூசையப்பர் எண்ணியிருந்தார். ஏரோதின் இடத்தில் மகன் அர்க்கெலாவு ஆள்கிறான் என்று கேள்விப்பட்டு அஞ்சினார். அஞ்சியதில் தவறேயில்லை. அந்த அர்க்கெலாவு ஆட்சியின் தொடக்கத்திலேயே பாஸ்காத் திருவிழாவுக்கு வந்த கூட்டத்தில் ஏறத்தாழ 3000 பேரைக் கொல்வித்தான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதிவைத்திருக்கிறார், கி.பி. 6இல் உரோமையே அவனைப் பதவியிறக்கி நாடுகடத்தியது. தந்தை ஒருவரின் நியாயமான அச்சத்தை ஆண்டவர் அவிசுவாசம் என்று கடிந்துகொள்ளவில்லை. அந்த அச்சத்தையே ஏற்று, கனவில் எச்சரித்து, வழியை வடக்கே கலிலேயாவுக்குத் திருப்பினார். ஊர்ச் செய்தியை விசாரிப்பதும், பிள்ளையின் பாதுகாப்புக்காக முடிவை மாற்றுவதும் இறை நம்பிக்கைக்குப் புறம்பானவை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அப்படித்தான், மத்தேயு சொல்கிறபடி, அந்தக் குடும்பம் நாசரேத்தில் குடியேறியது. அங்கிருந்து நல்லது ஏதும் வரக்கூடுமோ என்று நத்தானியேல் கேட்கும் அளவுக்குச் சிறிய ஊர். யூதேயாவில் தங்க முடியாமல் ஒரு தச்சர் தேடிக்கொண்ட மாற்றிடம். பிலாத்து மூன்று மொழிகளில் எழுதிச் சிலுவையில் அறையச் செய்த பலகையில், ஆண்டவரின் பெயரை அடுத்து அந்த ஊரின் பெயர் இருந்தது.