உணர்விழந்த பாதம்

காங்கேயத்து உழவர் தம் காளையை நெடுவழி ஓட்டுவதற்கு முன் அதன் குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். லாடம் தேய்ந்திருந்தால் மாற்றுவார். ஆனால் தம் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பவர் எத்தனை பேர்? நீரிழிவு பல்லாண்டு நீடித்த உடலில் கால் நரம்புகள் உணர்விழப்பதுண்டு. அத்தகையவர் உச்சி வெயிலில் கொப்பரைக் களத்தில் வெறுங்காலுடன் நடந்து தோல் வெந்தாலும் வலியை அறியார். வலிக்காத புண்ணை எவரும் கவனிப்பதில்லை. கவனிக்காத புண் ஆழ்ந்து எலும்பை எட்டி, இறுதியில் காலையே இழக்கச் செய்கிறது. இப்புண்ணை ஆற்ற மனிதர் மேற்கொண்ட முயற்சியின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் சிறந்ததொரு பங்குண்டு.

1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் இன்சுலின் கண்டறியப்பட்டது. அதன்பின் நீரிழிவாளர் நெடுநாள் வாழ்ந்தனர். வாழ்நாள் நீளவே, நரம்புக் கேடும் காற்புண்ணும் மிகுதியாகக் காணப்பட்டன. ஆயினும் அப்புண்ணின் இயல்பை விளக்கிய பாடம் வேறொரு நோயிலிருந்து கிடைத்தது என்பது வியப்புக்குரியது.

கொங்குநாட்டின் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர் பால் பிராண்ட். இலண்டனில் மருத்துவம் பயின்ற அவர், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளரின் காற்புண்கள் அவர் கருத்தைக் கவர்ந்தன. நோயே தசையைத் தின்கிறது என்று உலகம் நம்பிய காலம் அது. நோய் நரம்பின் உணர்வைப் பறிக்கிறது. உணர்வற்ற பாதத்தில் ஒரே இடம் மீண்டும் மீண்டும் அழுந்துவதால் புண் உண்டாகிறது என்று அவர் தெளிந்தார். நலமுள்ளவர் சிறிது வலித்ததும் நொண்டி நடந்து அவ்விடத்துக்கு ஓய்வளிக்கிறார். வலியற்றவருக்கு அந்த ஓய்வு இல்லை. ஆகவே உடலின் பாரம் பாதம் முழுவதும் பரவுமாறு மாவுக்கட்டு இட்டனர். 1930-களிலேயே இலங்கையில் மில்ராய் பால் என்னும் அறுவை மருத்துவர் இம்முறையைக் கையாண்டிருந்தார். புண் ஆறியபின் மென்மையான ரப்பர்ச் செருப்புகள் காலைக் காத்தன. 1966-இல் அமெரிக்காவின் கார்வில் நகர் சென்ற பிராண்ட், நீரிழிவாளரின் பாதத்துக்கும் இதே பாடம் பொருந்துவதைக் காட்டினார்.

இனி, புண்மேல் பூசும் மருந்தின் கதையைக் காண்போம். இரத்தத்தின் தட்டணுக்களில் திசுவை வளரத் தூண்டும் ஒரு புரதம் இருப்பது 1974-இல் தெளிவாயிற்று. அப்புரதத்துக்குரிய மரபணுவை ஈஸ்ட் நுண்ணுயிரில் புகுத்தி உருவாக்கிய பெகாப்ளெர்மின் என்னும் களிம்பை, மருத்துவர் சீட்டின் பேரில் வழங்க, 1997-இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. 382 நோயாளரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1998-இல் வெளிவந்தது. இருபது வாரங்களில், இம்மருந்து பூசியவருள் 100-க்கு 50 பேருக்கும், மருந்தில்லாக் களிம்பு பூசியவருள் 100-க்கு 35 பேருக்கும் புண் முழுமையாக ஆறியது. மிகுதியாகப் பயன்படுத்தியவரிடையே புற்றுநோய் மரணம் கூடுமோ என்ற ஐயத்தால் 2008-இல் கடும் எச்சரிக்கை ஒன்று சேர்க்கப்பட்டது. பிற்கால ஆய்வுகளை நோக்கி 2018-இல் அது நீக்கப்பட்டது. இவ்வகையைச் சேர்ந்த வேறொரு வளர்ச்சிப் புரதக் களிம்பு இந்தியாவிலேயே உருவானது. அதன் ஆய்வு முடிவைச் சென்னையின் விஜய் விசுவநாதனும் உடன்பணியாளரும் 2006-இல் வெளியிட்டனர்.

மேற்கண்ட எண்களைச் சற்று ஊன்றி நோக்குங்கள். மருந்தில்லாக் களிம்பு பூசியவருள்ளும் 35 பேர் குணமடைந்தது எவ்வாறு? இரு சாராருக்கும் அழுகிய தசை அகற்றப்பட்டது, ஈரக்கட்டு இடப்பட்டது, காலின் மேல் பாரம் ஏறாமல் காக்கப்பட்டது. மருந்து அந்தப் பராமரிப்பின் மேல் 15 பேரைக் கூட்டித் தந்தது. பராமரிப்புக்கு மாற்றாக நிற்கவில்லை. விலையுயர்ந்த களிம்பைப் பூசிக்கொண்டு அதே காலை ஊன்றி நடப்பவர், ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பவரை ஒப்பார்.

மாணவ நண்பர்களே, வேலூரில் விளைந்த அறிவு கடல் கடந்து சென்று பயன் தந்தது. அதை நம் இல்லத்தில் பயன்படுத்தச் செலவொன்றும் இல்லை. நீரிழிவுள்ள பாட்டனாரின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நாள்தோறும் மாலையில் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ வெடிப்போ தென்பட்டால், வலியில்லை என்று அவர் சொன்னாலும், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் நரம்பு சொல்லாத செய்தியை உங்கள் கண் சொல்லட்டும்.