பெயருக்குள் ஒரு சாய்கோடு



நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் பெயர் என்றால் அது செக்ரோல் புத்தகத்தில் இருந்தது. கிராணியார் நம் பெயரை எழுதி, 'ஏ/எல்' என்று ஒரு சாய்கோடு போட்டுத் தகப்பனார் பெயரையும் எழுதிவிடுவார். அனாக் லெலாக்கி, அதாவது இன்னாருடைய மகன். மகளுக்கு 'ஏ/பி'. தமிழில் நாம் போடும் 'த/பெ'யிலும் அதே கோடுதான். தாள் அதை மறுத்ததில்லை.

கணிப்பொறி வந்த பிறகு அந்தச் சின்னக் கோடு பெரிய தொல்லையாகிவிட்டது. விமானப் பயணப் பதிவில் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரித்துக் காட்டுவதே சாய்கோடுதான். 1970-களில் பரவிய யூனிக்ஸ் முறையில் கோப்புகள் இருக்கும் இடத்தைப் பிரித்துக் காட்டுவதும் அதுவே. நமக்கு அது பெயரின் பகுதி, இயந்திரத்துக்கோ கட்டளை. ஆகவே சில படிவங்கள் கோட்டை ஏற்பதில்லை. நாமும் கோட்டை விட்டுவிட்டு எழுதுகிறோம். ஓரிடத்தில் கோட்டோடு, ஓரிடத்தில் கோடில்லாமல் என்று ஒரே ஆள் இரண்டு பெயராகி நிற்கிறார். பணம் வாங்கப் போகும் நாளில், "அடையாள அட்டையில் இப்படி இல்லையே" என்று கேட்டால் அலைச்சல் யாருக்கு? நமக்குத்தான்.

இதன் தொடக்கத்தைப் பார்ப்போம். 1963-இல் அமெரிக்காவில் ஆஸ்கி என்னும் எழுத்துக் குறியீடு வெளிவந்தது. இயந்திரத்துக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும்; எனவே எழுத்துக்கு ஓர் எண் கொடுத்தார்கள். மொத்தம் 128 இடம். சாய்கோட்டுக்கு 47, '&' குறிக்கு 38, '<' குறிக்கு 60. தமிழுக்கு அதில் ஓர் இடமும் இல்லை. மணியடி, தாளை நகர்த்து என்பன போன்ற கட்டளைகளுக்குத் தனி எண்கள் இருந்தன. எழுத்து வேறு, கட்டளை வேறு என்று அதுவரை ஒழுங்காகவே இருந்தது.

பின்னால் வந்தவர்கள் சாதாரணக் குறிகளையே கட்டளைக்கும் பயன்படுத்தினார்கள். 1969-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற மூவர், எது தலைப்பு, எது பத்தி என்று ஆவணத்துக்குள்ளேயே குறித்துவைக்கும் முறையை உருவாக்கினர். அந்த வழியில் 1986-இல் உலகத் தர நிர்ணயமும், 1990-களில் இணையப் பக்க மொழியும் வந்தன. இவற்றில் '<' வந்தால் கட்டளை தொடங்குகிறது என்று பொருள். '&' வந்தால் மாற்றுக்குறி தொடங்குகிறது. அப்படியானால் '&' என்பதையே அச்சிட வேண்டுமென்றால்? &#38; என்று எழுத வேண்டும்.

தமிழ் என்னவாயிற்று? மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி உழைத்தார். ஆனால் அந்நாளில் மென்பொருளுக்கு மென்பொருள் எழுத்தின் எண் வேறுபட்டது. ஒன்றில் எழுதிய கடிதம் இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரியும். இதைப் பேசித் தீர்க்கவே 1997-இல் சிங்கப்பூரில் மாநாடு கூடியது. 1991-இல் வெளியான யூனிக்கோடு, தமிழுக்கு 2944 முதல் 3071 வரை இடம் ஒதுக்கியிருந்தது. 'அ' 2949. 'அம்மா' என்று எழுத ஐந்து எண்கள்: 2949, 2990, 3021, 2990, 3006. நடுவிலுள்ள 3021 வெறும் புள்ளி!

இந்த எண்ணைக் கொண்டே 'அ'வை &#2949; என்றும் அனுப்பலாம். இங்கேதான் புதிய கோளாறு. அறிக்கை அச்சிடும் மென்பொருள், அதிலுள்ள '&' கட்டளையாகிவிடுமோ என்று பயந்து, அதை இன்னொரு முறை மாற்றினால் &#38;#2949; என்றாகிவிடும். தாளில் 'அ' வராது; &#2949; என்ற எண்தான் வரும். நாம் ஒருமுறை கண்ட உறுப்பினர் பட்டியலில் பக்கம் பக்கமாக இப்படியே இருந்தது. வயதான அம்மா ஒருவர், "இதிலே என் பேரு எதுப்பா?" என்று விரலை வைத்துத் தேடினார்.

இதைச் சரிசெய்வது பெரிய வித்தையல்ல. பெயரை உள்ளபடியே, கோடும் புள்ளியுமாகச் சேமித்துவைத்து, வெளியே அனுப்பும் வாசலில் ஒரே ஒரு தடவை மாற்ற வேண்டும். முதல் தடவையே விட்டுப்போனால் பெயர் கட்டளையாகிறது. இரண்டு தடவை மாற்றினால் பெயர் எண்ணாகிறது.