'ஷிவர்ஸ்': ஒரு திரைப்படமும் 1975ஆம் ஆண்டுக் கனேடிய விவாதமும்

மலினமான பொழுதுபோக்கு எனத் தள்ளப்படும் ஆக்கங்களும் வரலாற்று மாணவனுக்குச் சான்றுகளாக அமைவதுண்டு. ஒரு சமூகம் பேசத் தயங்குவதை அவை தயக்கமின்றிப் பேசிவிடுகின்றன. கனடாவில் 1975இல் வெளியான 'ஷிவர்ஸ்' அத்தகையதொரு திரைப்படமாகும். டேவிட் குரோனன்பேர்க் எழுதி நெறிப்படுத்திய இப்படம் ஏறத்தாழ 180,000 டொலர் செலவில், சில வாரப் படப்பிடிப்பில் உருவாயிற்று.

கதை விசித்திரமானது. மனிதன் அறிவுக்கு அடிமையாகித் தன் உடலை மறந்துவிட்டான் எனக் கருதும் மருத்துவ ஆய்வாளர் ஒருவர், காமவெறியைத் தூண்டும் ஒட்டுண்ணியொன்றை உருவாக்குகிறார். ஆடம்பர அடுக்குமாடியொன்றில் அது உடலுக்கு உடல் தாவி, குடியிருப்பாளரை ஒவ்வொருவராகப் பற்றுகிறது. அச்சமும் நகைப்பும் இங்கு பிரிக்கவொண்ணாதபடி கலந்துள்ளன. வீடு விற்கும் விளம்பரக் குரலோடு படம் தொடங்குகிறது. மாடியிலிருந்து விழும் ஒட்டுண்ணி, கீழே செல்லும் மூதாட்டியின் குடைமீது வந்து வீழ்கிறது.

இவ்வச்சம் எங்கிருந்து பிறந்தது? பின்னாளைய பார்வையாளர் சிலர் இதில் எயிட்ஸ் நோயின் முன்னறிவிப்பைக் கண்டனர். ஆயின், அந்நோய் மருத்துவ அறிக்கைகளில் முதன்முதல் இடம்பெற்றது 1981இலேயாம். எனவே படத்தை அதன் காலத்தில் வைத்து நோக்குவதே முறையாகும். 1969இல் கனேடியப் பாராளுமன்றம் குற்றவியற் சட்டத்தைத் திருத்தியது. கருத்தடைச் சாதனங்களின் விற்பனை சட்டபூர்வமாயிற்று; வயதுவந்த இருவர் தம் விருப்பப்படி தனிமையில் கொள்ளும் ஓரினச்சேர்க்கை குற்றமெனும் நிலை நீங்கிற்று. கத்தோலிக்கத் திருச்சபையின் பிடி தளர்ந்துகொண்டிருந்த கியூபெக் மாகாணத்தில் அதே ஆண்டில் 'வலெரி' எனும் பாலியற் படம் பெருவெற்றி ஈட்டியது. அதன் பின்னணியில் நின்ற சினேபிக்ஸ் நிறுவனமே 'ஷிவர்ஸ்' படத்தையும் தயாரித்தது. படப்பிடிப்பு நிகழ்ந்ததோ மொன்றியலை அடுத்த 'கன்னியர் தீவில்'. கன்னியாஸ்திரீகள் சபையொன்றுக்கு 1950கள் வரை உரித்தாயிருந்த அந்நிலத்தில் 1960களில் நவீன அடுக்குமாடிகள் எழுந்தன. பழைய தடைகள் அகன்றுவிட்டன. புதிய சுதந்திரத்தின் எல்லை எதுவென எவருக்கும் தெளிவில்லை. இந்த இடைவெளியே படத்தின் உண்மையான களம் எனலாம்.

படம் வெளியானதும் எழுந்த விவாதம் இதனை உறுதிப்படுத்துகிறது. கனேடியத் திரைப்பட அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் 1967இல் 10 மில்லியன் டொலர் பொதுநிதியுடன் தோற்றுவிக்கப்பட்டது. 'ஷிவர்ஸ்' அதன் உதவியைப் பெற்றிருந்தது. 'சற்றடே நைற்' சஞ்சிகையில் றொபேட் புல்ஃபோட் புனைபெயரில் எழுதிய கட்டுரை, வரிப்பணம் இத்தகைய படத்துக்குச் செலவாகலாமா என வினவியது. வினா பாராளுமன்றத்தையும் எட்டியது. அக்கட்டுரையின் விளைவாகத் தாம் வாடகை வீட்டை விட்டே வெளியேற்றப்பட்டதாகக் குரோனன்பேர்க் பின்னர் கூறியுள்ளார்.

புல்ஃபோட்டின் வினா புறக்கணிக்கத்தக்கதன்று. பொதுப்பணத்தைச் செலவிடுவோர் பொதுமக்களுக்குப் பதில் கூறக் கடமைப்பட்டவர். படம் வசூலில் வென்று, பெற்ற முதலீட்டை மீளச் செலுத்தியது என்பர் சிலர். இலாபம் கணக்காளருக்கு விடையாகலாம். கலைபற்றிய வினாவுக்கு விடையாகாது. நெறியாளர் 1999இல் கான் திரைப்பட விழாவின் நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கியமையும் விடையன்று. பிற்காலப் புகழால் முற்கால ஆக்கத்தை நியாயப்படுத்தல் வரலாற்று முறையாகாது.

விடை படத்தின் இறுதிக்காட்சியில் உள்ளது. நோய் பற்றியோர் புன்முறுவலுடன் தத்தம் கார்களில் ஏறி நகரை நோக்கிப் புறப்படுகின்றனர். இது அழிவா, விடுதலையா? படம் தீர்ப்புக் கூறவில்லை. திருச்சபை தீர்ப்புக் கூறியிருக்கும். 1969ஆம் ஆண்டுச் சட்டமும் தன் வழியில் தீர்ப்புக் கூறிற்று. சட்டத்தை மாற்றிய சமூகம் தன் மனத்தை இன்னும் மாற்றவில்லை என்பதை இம்மலிவான படம் வெளிப்படுத்தியது. தன் ஐயங்களைத் தானே காண்பதற்கு ஒரு சமூகம் செலவிடும் பணம் வீண்செலவாகாது என்பதே எமது துணிபு.