தாய்த்தெய்வம்: ஒரு பெயர்ச்சீட்டின் வரலாறு

புதுதில்லித் தேசிய அருங்காட்சியகத்தின் அரப்பாத் தொகுப்பில் மொகஞ்சதாரோவில் கிடைத்த சுடுமண் பெண்ணுருவம் ஒன்று உள்ளது. ஏறத்தாழ கி.மு. 2500ஆம் ஆண்டைச் சார்ந்தது. விசிறி போல் விரிந்த தலையணி, அதன் இருமருங்கும் கிண்ணம் போன்ற அமைப்பு, மார்பில் மாலைகள், இடையில் அரைக்கச்சை; கண்கள் தனியே ஒட்டப்பட்ட மண்ணுருண்டைகள். இவ்வகை உருவங்களின் படிகள் பாரிஸ் சாந்திலும் சுடுமண்ணிலும் செய்யப்பட்டு, புதுமனை புகுவிழா, பணிநிறைவு விழா போன்ற நிகழ்ச்சிகளுக்குரிய பரிசுப் பொருள்களாகத் தில்லி வீடுகளின் கண்ணாடிப் பேழைகளில் இடம்பெற்றுள்ளன. நவராத்திரிக் கொலுவில் இலக்குமிக்கும் செட்டியார் பொம்மைக்கும் நடுவே அமர்ந்த படியொன்றையும் இக்கட்டுரையாளர் கண்டதுண்டு. இவ்வுருவத்திற்கு ஆங்கிலத்தில் 'மதர் காடஸ்' என்றும் இந்தியில் 'மாத்ருதேவி' என்றும் பெயர் வழங்குகிறது. தமிழ் நூல்கள் 'தாய்த்தெய்வம்' என்கின்றன. அப்பெயர் எவ்வாறு அமைந்தது, மொழிபெயர்ப்பில் அதற்கு என்ன நேர்ந்தது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

மொகஞ்சதாரோ அகழாய்வை 1922இல் இராக்கல்தாசு பானர்சி தொடங்கினார். சிந்துவெளி நாகரிகம் கண்டறியப்பட்டதை 1924 செப்டம்பரில் சான் மார்சல் உலகிற்கு அறிவித்தார். அவர் பதிப்பித்து 1931இல் வெளிவந்த மூன்று தொகுதிகளில் சமயம் பற்றிய பகுதி தனியிடம் பெறுகிறது. மேற்காசியா முதல் ஏகியன் கடற்பகுதி வரை கிடைத்த பெண்ணுருவங்களையும், இந்தியச் சிற்றூர்களின் காவல் தெய்வங்களையும் ஒப்புநோக்கி, சிந்துவெளி உருவங்களைத் தாய்த்தெய்வ வழிபாட்டின் சான்றாக அவர் கொண்டார். ஒப்பீட்டால் பெறப்பட்ட கருதுகோள் அது. ஆய்வு நூலில் அதற்கு முன்னும் பின்னும் வாதம் இருந்தது. நிழற்படத்தின் அடியிலும் காட்சிப் பேழையிலும் பெயர் மட்டுமே எஞ்சியது.

கருதுகோளுக்கு மறுப்பும் எழாமலில்லை. எகிப்து, கிரீட் தீவு ஆகியவற்றின் தொல்லுருவங்களை ஆராய்ந்த பீட்டர் உக்கோ, பெண்ணுருவம் எல்லாவற்றையும் தாய்த்தெய்வமாகக் கொள்ளும் வழக்கத்தை 1968இல் வெளிவந்த தம் நூலில் கடுமையாக மறுத்தார். சிந்துவெளியிலும் இடர்ப்பாடுகள் உள்ளன. குழந்தையை ஏந்திய உருவங்கள் சிலவே. மொகஞ்சதாரோவிலும் அரப்பாவிலும் மிகுதியாகக் கிடைக்கும் இப்பெண்ணுருவங்கள் உலோத்தல், காலிபங்கன் போன்ற இடங்களில் மிக அரிது. நாகரிகம் முழுமைக்கும் பொதுவான ஒரு தெய்வம் எனின் இவ்வேறுபாட்டிற்கு விளக்கம் வேண்டும்.

மற்றொரு சான்று பரிசுப்பொருளோடு நேரடித் தொடர்புடையது. சில உருவங்களில் தலையணியின் இருபுறக் கிண்ணங்களில் புகைக்கறை படிந்துள்ளது. எண்ணெயோ நறும்புகைப் பொருளோ அவற்றில் எரிக்கப்பட்டிருக்கலாம் என்பர் அறிஞர். அப்படியாயின் இவற்றுள் சிலவேனும் விளக்காகவோ தூபக்காலாகவோ பயன்பட்டவை. வழிபாட்டு விளக்கும் உண்டு, வீட்டு விளக்கும் உண்டு. ஆதலின் கறை ஒன்றே தெய்வத்தன்மையை மறுத்துவிடாது. ஆனால் படியெடுக்கும் அச்சு வடிவத்தைப் பற்றுமேயன்றிக் கரியைப் பற்றாது. வாங்குபவர் கைக்கு வடிவமும் பெயரும் வந்து சேர்கின்றன. பெயரை ஐயுறத் தூண்டும் தடயம் வருவதில்லை. பரிசு பெற்றவர் அதனைப் பூசையறையில் வைப்பதா, வரவேற்பறையில் வைப்பதா என்று தடுமாறுவதும் பெயரால் விளைந்ததே.

இனி மொழிபெயர்ப்பு. 'தாய்த்தெய்வம்' என்பது தாயாகிய தெய்வம் என விரியும் இருபெயரொட்டுப் பண்புத்தொகை. தாய்மையும் தெய்வத்தன்மையும் முன்னரே நிறுவப்பட்டவை போல் அத்தொகை ஒலிக்கிறது. 'மாத்ருதேவி'யும் அத்தகையதே. தைத்திரீய உபநிடதத்தில் வரும் 'மாத்ருதேவ' என்னும் தொகையோ தாயைத் தெய்வமாகக் கொண்டவன் என்று பொருள்படும் அன்மொழித்தொகை. உறுப்புகள் ஏறத்தாழ ஒன்றாயினும் பொருள் வேறு.

தமிழில் சிக்கல் இன்னும் ஆழமானது. அம்மன், அம்மை, ஆத்தாள் என்னும் பெயர்கள் மதிப்பும் உறவும் கலந்த விளிவழக்கில் வேரூன்றியவை. மகப்பேறு இல்லாத தெய்வத்தையும் கன்னித் தெய்வத்தையும் நாம் அம்மன் என்றே அழைக்கிறோம். மார்சல் கருதிய 'தாய்' கருவளத்தின் உருவகம். நம் 'அம்மை' அழைப்போரின் பணிவு. 'தாய்த்தெய்வம்' என்னும் ஒரே சொல் இரண்டையும் பிணைத்துவிடுவதால், மொகஞ்சதாரோ உருவமே நம் ஊர் அம்மனின் மூதாதை என்ற முடிவுக்குப் படிப்பவர் அகச்சான்று ஏதுமின்றியே வந்துவிடுகிறார். அவ்வுறவு உண்மையாகவே இருக்கக்கூடும். எனினும் அதனை நிறுவவேண்டியது தொல்லியல். கலைச்சொல் நிறுவுதல் ஆகாது.

இதற்கு ஏற்ற சொல் தமிழில் முன்பே உள்ளது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. அது 'பாவை'. சிறுமியர் மணலில் செய்து விளையாடும் வண்டற்பாவையும் பாவைதான்; அச்சம் விளைக்கும் கொல்லிப்பாவையும் பாவைதான். பொம்மையா, படிமமா, தெய்வமா என்பதை அச்சொல் முன்கூட்டித் தீர்ப்பதில்லை. ஒரு குறை உண்டு: இக்காலப் பேச்சில் பாவை என்றதும் மார்கழிப் பாடல்களே பலர் நினைவுக்கு வரும். 'சுடுமண்' என்னும் அடை சேர்த்தால் அம்மயக்கம் பெரிதும் நீங்கும். எனவே பெயர்ச்சீட்டின் முதல் வரியில் 'சுடுமண் பாவை, மொகஞ்சதாரோ' என்றும், அடுத்த வரியில் 'தாய்த்தெய்வம் எனச் சிலர் கருதுவர். கிண்ணங்கள் விளக்காகப் பயன்பட்டிருக்கலாம்' என்றும் எழுதலாம்.

விளக்கேந்திய பாவை தமிழ் வாசகருக்குப் புதிதுமன்று. யவனர் செய்த பாவை தன் கையில் ஏந்திய அகல் அரண்மனையில் எரிந்ததை நெடுநல்வாடை கூறுகிறது. அயல்நாட்டுக் கைவினைப் பொருளாய் வந்து இல்லத்தை அணிசெய்த அவ்வுருவத்தை, எந்தத் தெய்வம் என்று வினவாமலே, புலவர் பாவை என்று பெயரிட்டுள்ளார்.