பழைய கல்லுக்கும் நகல் எடுத்த ஊர்: திருவிடைமருதூர்



நவக்கிரகக் கோவில் சுற்றுலா போனவர்கள் திருவிடைமருதூரைக் கடந்துதான் வந்திருப்பீர்கள். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை சாலையில் சுமார் ஒன்பது கிலோமீட்டர். மகாலிங்கசுவாமி கோவிலில் வண்டி நின்றிருந்தாலும், டிரைவர் கொடுத்த அரை மணி நேரம் பிரகாரத்தைச் சுற்றவே போதாது. அடுத்த முறை ஒரு முழுக் காலையை இந்த ஊருக்கு ஒதுக்குங்கள்.

ஸ்ரீசைலம் தலைமருது, நெல்லைப் பக்கத்துத் திருப்புடைமருதூர் கடைமருது, நடுவில் இருப்பது இடைமருது. பெயர்க் காரணம் அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது வேறு.

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கும் படமாகப் பார்த்தவர்களுக்கும் ஆதித்த கரிகாலனைத் தெரியும். பாண்டியன் தலைகொண்டவன் என்று கல்வெட்டுகள் சொல்வது அவனைத்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்த அரசனின் காலத்தில், அதாவது பத்தாம் நூற்றாண்டில், இங்கே பழைய கோவிலைப் பிரித்துக் கருங்கல்லால் கட்டினார்கள். பழைய சுவரின் கற்களில் அதற்கு முன்பு வெட்டிய தானக் கணக்குகள் இருந்தன. வேலை செய்தவர்கள் அந்தக் கற்களை அஸ்திவாரத்தில் போட்டு மூடியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கற்களை நிலவறையில் பத்திரப்படுத்திவிட்டு, எழுத்துகளைப் புதிய சுவரில் திரும்ப வெட்டினார்கள். இதையும் ஒரு கல்வெட்டே சொல்கிறது. அப்படித் தப்பியவற்றில் ஒன்று, நந்திப்போத்தரையர் என்ற பல்லவ அரசர் 'குமாரமார்த்தாண்டன்' என்று பெயரிட்ட ஒரு விளக்கு அணையாமல் எரியப் பொன் கொடுத்த செய்தி.

யோசித்துப் பாருங்கள். பொன் கொடுத்தவர் இறந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய வம்சத்தின் ஆட்சியும் போய்விட்டது. பொன்னை வாங்கிக்கொண்டவர்கள் திரைமூர் சபையாரும் திருவிடைமருதில் நகரத்தாரும். கணக்கு கேட்க ஆளில்லாதபோதும் கணக்கை மறைக்கவில்லை. நம் சங்கத்தின் பழைய ரசீதுப் புத்தகங்கள் எந்தப் பரணில் இருக்கின்றன என்று பொருளாளரைக் கேட்டால் அவர் என்மேல் கோபித்துக்கொள்வார், விடுங்கள்.

இது இந்த ஒரு ஊரின் வழக்கமும் அல்ல. காவிரியின் வடகரையில் திருக்கோடிக்காவலைக் கற்றளியாக்கிய செம்பியன் மாதேவி, பழைய கல்வெட்டுகளைத் தேடிப் படியெடுத்து வெட்டச் செய்தார். 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று குறிப்பும் போட்டார்கள். 'உண்மை நகல்' என்று முத்திரை குத்துவதைப் போல.

திருவிடைமருதூர்க் கல்வெட்டுகளில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஊர்ப் பெரியவர்கள் நாடகசாலையில் கூடி, கீர்த்தி மறைக்காடனான திருவெள்ளறைச் சாக்கை என்ற கலைஞருக்கு ஆரியக்கூத்து ஏழு அங்கம் ஆட நிலம் கொடுத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஊரில் ஒரு நாடகசாலை! கலை இங்கே பிறகும் நின்றது. 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் தஞ்சை அமரசிம்மனை இறக்கிச் சரபோஜியை அரியணையில் அமர்த்தியபோது, அமரசிம்மன் வந்து தங்கியது இந்த ஊரில்தான். கனம் கிருஷ்ணையர் இங்கே இருந்து பாடியவர். கோபாலகிருஷ்ண பாரதி இந்துஸ்தானி இசை கற்றதும் இந்த அரண்மனை வித்வான் ராமதாஸரிடம்.

இத்தனையும் நமக்குத் தெரிவது, பின்னாளில் கல்வெட்டுத் துறையினர் மைப்படி எடுத்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் அச்சிட்டதால். நம் காலத்திலோ, தமிழகத்தில் பல கோவில்களில் திருப்பணி என்று மணலைப் பீய்ச்சியடித்துக் கருங்கல்லைக் கழுவினார்கள். கல் பளிச்சென்று ஆனது, எழுத்து தேய்ந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் தடை வந்தது. உங்கள் சொந்த ஊர்க் கோவிலில் குடமுழுக்கு வேலை நடந்தால், சாரம் கட்டுவதற்கு முன்பே சுவர்களைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

உள்ளே போனால் பாவை விளக்கைப் பார்க்காமல் வராதீர்கள். மராத்திய அரச குடும்பத்து அம்முனு அம்மணி, பிரதாபசிம்மனை மணக்க வேண்டி லட்ச தீபம் ஏற்றுவதாக நேர்ந்துகொண்டாள். அந்த விளக்குகளில் ஒன்றாகத் தன் உருவத்தையே வார்த்து வைத்தாள். கையில் அகலோடு நிற்கிறாள். பீடத்தில் எழுத்தும் உண்டு, குனிந்துதான் பார்க்க வேண்டும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: வரகுண பாண்டியனைத் தொடர்ந்த பிரம்மஹத்தி கிழக்கு வாசலில் காத்திருக்கிறது என்று நம்பிக்கை. ஆகவே கிழக்கே நுழைந்தவர்கள் வேறு வாசல் வழியாகத்தான் வெளியேறுவார்கள். செருப்பைக் கிழக்கு வாசலில் விடாதீர்கள்.